வர்த்தமானியில் வந்த காது

கட்டுக்கலைப் பிள்ளையார் சாட்சியாக, அவர் வாசலில் தேங்காய் விற்கிறவள் சாட்சியாக, பிறந்த நாள் முதல் என் தலையின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கிற காதுகள் சாட்சியாகச் சொல்கிறேன்: இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரு சொல் பொய்யென்று யாராவது காட்டினால் இந்த இரண்டு காதையும் அறுத்து, தட்டில் வைத்து, பக்கத்தில் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுத்துவிடுகிறேன். காதை வைத்துச் சத்தியம் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. நடந்ததெல்லாம் காதால் வந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கண்டியிலிருந்து பேராதனைக்குப் போகிற வீதியில், ஒரு பழைய தேயிலைக் களஞ்சியத்தில், தேசிய இரைச்சலடக்கச் சபை என்று ஒன்று இருந்தது. நான் அதன் வாசற்காவலாளி. உள்ளே போகிறவர்களின் பையைப் பார்ப்பதும், வெளியே வருகிறவர்களின் காயத்தைப் பார்ப்பதும் என் வேலை.

சபைக்கு ஒரே ஒரு கடமை. எவ்வளவு இரைச்சலான இடத்திலும் தெளிவாகக் கேட்கிற டெலிபோன் ரிசீவர் ஒன்றைச் செய்ய வேண்டும். அது எப்படி வேலை செய்யும் என்பதை எனக்கு விளக்கியவர் பொறியியலாளர் மயில்வாகனம். பருத்தித்துறைக்காரர், நல்ல மனிதர், பொறியியல் தவிர வேறு எதிலும் யாருக்கும் தீங்கு செய்யாதவர். ரிசீவருக்குள் ஒரு சின்னக் கருவி இருக்குமாம். அது வெளியிலிருக்கும் இரைச்சலைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான இன்னோர் இரைச்சலை உண்டாக்கி, இரண்டையும் காதின் வாசலில் மோதவிடும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு செத்துப்போகும். பிணங்களை மிதித்துக்கொண்டு பேச்சு மட்டும் காதுக்குள் வரும். இந்தக் கொலை ஒழுங்காக நடப்பதற்கு ரிசீவருக்கும் காதுக்கும் இடையிலுள்ள இடுக்கு எவ்வளவென்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இடுக்கு மாறினால் எதிரிரைச்சல் குறி தவறும். குறி தவறினால் திரும்பி வந்து கேட்கிறவனையே அடிக்கும்.

ஆகவே பரீட்சித்துப் பார்க்க ஒரு காது தேவைப்பட்டது. எங்கள் சபைக் கந்தோரில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கதிரையானாலும், புதுக் குவளையானாலும், புது மலசலகூடமானாலும், தலைவர் பயன்படுத்தித் திறந்துவைப்பதற்கு முன் வேறு யாரும் தொடக்கூடாது. ரிசீவருக்கும் அதே விதி. எனவே அது முதலில் போனது தலைவர் வில்பிரட்டின் வலது காதுக்கு.

தலைவரின் வலது காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டியில் பெரிய பள்ளிக்கூடங்களில் படித்தவர்களுக்கு றகர் என்கிற ரக்பி விளையாட்டல்ல, ஞானஸ்நானம். தலைவர் அந்தக் காலத்தில் முன்வரிசை ஆட்டக்காரர். எட்டுப்பேர் ஒரு பக்கமும் எட்டுப்பேர் மறுபக்கமும் குனிந்து, தலைகளை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு முட்டித் தள்ளுவார்களே, ஸ்க்ரம் என்று, அதில் எட்டு வருடம் காதைக் கொடுத்தவர். அந்தக் காது நசுங்கி, வீங்கி, உறைந்து, கண்டிச் சந்தையில் கடைசியாக மிஞ்சுகிற பூக்கோவா என்கிற காலிஃபிளவர் மாதிரி இருக்கும். மயில்வாகனம் அந்தப் பூக்கோவாவின் ஒவ்வொரு மடிப்பையும் அளந்து, அதற்கு மயிரிழையும் பிசகாமல் ரிசீவரைச் செய்தார். தலைவர் அதை எடுத்து வைத்தார். உலகம் அடங்கிற்று.

அந்த மாதமே அரசாங்க அறிவித்தல்கள் வருகிற வர்த்தமானியில் அறிவித்தார்கள். ரிசீவர் தேசிய ரிசீவர். காது தேசியத் தரக்காது. காதைச் சுண்ணச் சாந்தில் வார்த்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, வாசலில் மாட்டினார்கள். சித்திரை வருடப்பிறப்பன்று ஊழியர்கள் அதற்குப் பூ வைப்பார்கள். நானும் வைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு நாள் காலையிலும் பரீட்சை நடக்கும். மறுமுனையில் பேசுவது றிஸானா என்ற தட்டெழுத்தாளர். "ஹலோ சேர், கேக்குதா?" என்பாள். "மிகத் தெளிவு" என்பார் தலைவர். அன்றைய பரீட்சை வெற்றி. ஒருநாள் அவள் வாசலுக்கு வந்து, அண்ணன் முறை வைத்து என்னிடம் சொன்னாள்: "நானா, வயர கழட்டி வச்சிட்டும் சொல்லிப் பாத்தேன். அப்பவும் மிகத் தெளிவுதானாம்."

இப்படிச் சபை சிறப்பாக நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் இருளப்பன் வந்தான். புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து முறுக்கும் ரோலர் ஓட்டுகிறவன். கம்பளையில் பஸ் மாறி, மழையில் நனைந்து, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு நின்றான்.

"இங்கதானுங்களா சத்தத்த அடக்குற எடம்?"

"அடக்குற எடம்தான். உன் சத்தமா, ஊர்ச் சத்தமா?"

"ரோலர் சத்தமுங்க."

அவனுடைய மகள் புஷ்பம் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை தொழிற்சாலைக்குப் போன் எடுப்பாள். தோட்டத்தில் டெலிபோன் இருப்பது அங்கே மட்டும்தான். அதுவும் ரோலர்கள் சுற்றுகிற அறையின் சுவரில். மணி அடித்தால் கேட்காது. டெலிபோன் பெட்டியின் மேல் படிந்திருக்கிற தேயிலைத் தூசு துள்ளும். தூசு துள்ளினால் மகள் கூப்பிடுகிறாள் என்று அர்த்தம்.

"போன மாசம் எடுத்துச்சுங்க. நானும் கத்துறேன், அதுவும் கத்துது. என்னமோ ஒரு சத்தம் மட்டும் கேக்குது. அழுவுதா சிரிக்குதான்னு தெரியலைங்க. அந்த ரோலர் சத்தத்துல ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. பக்கத்துல எம் பொஞ்சாதி பாலம்மா நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு, என்னா சொல்றா, என்னா சொல்றான்னு நிக்கிறா. சிரிக்கிறான்னு சொல்லிட்டேன்."

"நம்பினாளா?"

"அப்ப ஏன் ஒங்க மூஞ்சி இப்படி இருக்குன்னு கேட்டாளுங்க."

"ரோலரை ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லலாமே."

"தொழிற்சாலைய நடத்துற டீமேக்கர் ஐயாகிட்ட கேட்டேங்க. ஒன் மக அழுவுறதுக்காக கொழுந்து காத்துக்கிட்டு இருக்குமான்னாரு."

இவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது. மகள் அழுகிறாளா, சிரிக்கிறாளா. நான் பையைப் பார்த்தேன். ஒரு பொட்டலம் தேயிலைத்தூளும் மாற்றுச் சட்டையும் இருந்தன. உள்ளே அனுப்பினேன்.

பரீட்சை அறையில் இரைச்சலுக்கென்றே சம்பளம் வாங்குகிற நான்கு பேர் இருந்தார்கள். அவர்கள் தகரங்களைச் சுத்தியலால் அடிக்கத் தொடங்கினார்கள். மயில்வாகனம் ரிசீவரை இருளப்பனின் காதில் வைத்தார். இருளப்பனின் காது வெற்றிலை மாதிரித் தட்டையானது, நுனி கொஞ்சம் வெளியே மடிந்தது. எதிரிரைச்சல் குறி தவறிற்று. நாவலப்பிட்டிச் சுரங்கத்துக்குள் நுழைகிற ரயில் ஊதுவது மாதிரி ஓர் ஊளை. இருளப்பன் பன்னிரண்டு அடி தூரம் பறந்து அலுமாரியில் மோதி, அலுமாரிக் கதவோடு கீழே விழுந்தான். மூக்கிலிருந்தும் காதிலிருந்தும் இரத்தம். முன்பல் ஒன்று தகரமடிக்கிறவனின் காலடியில் போய் நின்றது.

மயில்வாகனம் ஓடிப்போய் ரிசீவரைத் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல காலம். ஒரு சேதமும் இல்லை."

பிறகு இருளப்பனின் பக்கத்தில் குந்தி, ஆறுதலாகச் சொன்னார்: "ரிசீவரில பிழை இல்லை. உம்மட காதுதான் பிழை."

"இத்தன வருசமா நல்லாத்தானுங்க கேட்டுச்சு."

"கேக்கிறது வேற, பொருந்திறது வேற."

"ரிசீவர கொஞ்சம் மாத்திச் செய்யக் கூடாதுங்களா?"

தகரமடித்த நால்வரும் சுத்தியலை இறக்கிவிட்டார்கள். கதவருகில் நின்ற எனக்கே வியர்த்தது. மயில்வாகனம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இஞ்ச பாரும். அது வர்த்தமானியில வந்த ரிசீவர். அதை மாத்திறதெண்டா பாராளுமன்றத்துக்குப் போகவேணும். உம்மட காதை மாத்திறதெண்டா பின்வளவுக்குப் போனால் போதும்."

களஞ்சியத்தின் பின்னாலிருந்த அந்தப் பின்வளவில் காது சீராக்கற் பிரிவு இயங்கிக்கொண்டிருந்தது. முறைப்பாட்டோடு வந்தவர்கள் எல்லோரும் அங்கே நின்றார்கள். கம்பளையில் இரும்புக்கடை வைத்திருந்த ஒரு பருத்த மனிதர், நாவலப்பிட்டிப் பக்கத்து ரயில்வேக்காரர்கள், ஓர் அச்சகத்து ஆட்கள், மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் படிப்பிக்கிற கிறேஸ் டீச்சர். எல்லோரும் இரைச்சலுக்கு நடுவில் டெலிபோன் பேச வேண்டியவர்கள். எல்லோருக்கும் காது பிழை.

தலைவர் படியில் ஏறி நின்று பேசினார். அந்தப் பேச்சு எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

"காதுடைய பெருமக்களே, நாடு சுதந்திரமடைந்து இவ்வளவு காலமாகியும் ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்கு ஒரு காதை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மலையில் ஒரு காது, வடக்கில் ஒரு காது, கரையோரத்தில் ஒரு காது. இப்படி ஆளுக்கொரு காதோடு ஒரு நாடு எப்படி ஒரே செய்தியைக் கேட்பது? இந்தச் சபை யாருக்கும் பாரபட்சம் காட்டாது. எல்லோருக்கும் ஒரே காது. அந்தக் காது என்னுடையதாக அமைந்தது தற்செயல். சிலர் கேட்கிறார்கள், மக்களுக்கேற்ப ரிசீவரைச் செய்யலாமே என்று. அப்படிச் செய்யத் தொடங்கினால் சபை எதற்கு? உங்களுக்கு வலி இருக்கும். அது தேசிய வலி. அதைச் சத்தமாக வெளியிடுகிறவர்கள் இரைச்சலை உண்டாக்குகிறார்கள். இரைச்சலை அடக்குவது எங்கள் கடமை என்பதை அன்போடு நினைவூட்டுகிறேன்."

கைதட்டல் ஓய்ந்ததும் யாகப்பர் விசிலை ஊதினார். யாகப்பர் முன்பு தேயிலைப் பெட்டிக்கு ஆணியடித்தவர். கையில் சுத்தியல் இல்லாமலே ஆணியடிப்பார் என்று பெயர். தலைவரின் காது எப்படி உருவானதோ அப்படியே எல்லோருடைய காதும் உருவாக வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. அதாவது ஸ்க்ரம்.

"எட்டு எட்டா நில்லுங்க. குனிங்க. தலைய கோத்துக்கங்க. பல்லக் கடிச்சுக்கங்க. அடுத்தவன் காதக் கடிக்கச் சொல்லல, ஒங்க பல்ல."

முட்டினார்கள். மழையில் ஊறிய பின்வளவில், தோளெலும்பு தோளெலும்போடு இடிக்கிற சத்தம் வாசல்வரை வந்தது. தேங்காய் உடைப்பது மாதிரி ஒரு சத்தம் வந்தால் அது மண்டை. விறகு பிளப்பது மாதிரி வந்தால் விலா. இரும்புக்கடைக்காரர் முதல்நாளே இரண்டு ரயில்வேக்காரர்களை மூச்சில்லாமல் செய்தார். மறுநாள் அவர்கள் அவரைச் சேற்றுக்குள் முகம் பதிய அமுக்கி, மேலே ஏறி நின்றார்கள். கிறேஸ் டீச்சர் முழங்கையால் யாகப்பரின் கடைவாய்ப்பல்லைக் கழற்றி, அதை அவரிடமே கொடுத்து, "பத்திரமா வச்சுக்கங்க, பிள்ளைகளுக்குக் காட்டலாம்" என்றார். ஓர் அச்சகத்துக்காரருக்கு இடது காது பாதி கழன்று தொங்கிற்று. வலதுதான் தேவை என்பதால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. மாலையில் எல்லோரும் நொண்டிக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். நான் காயத்தைப் பார்த்து, "நாளைக்கு வாங்க" என்பேன்.

இருளப்பன் வாரத்துக்கு இரண்டு தடவை வந்தான். மாதக்கடைசி வந்தது. தூசு துள்ளிற்று. வீங்கிய காதில் பழைய ரிசீவரை வைத்தான். முன்பு கேட்ட அந்த ஒரு சத்தமும் இப்போது கேட்கவில்லை. இதை என்னிடம் சொல்லும்போது அவன் என் வாயைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"பாலம்மா என்ன சொன்னாள்?"

"காது கேக்கணும்னுதானே போனீங்க, காதையே குடுத்துட்டு வந்திருக்கீங்கன்னாளுங்க." வீங்கிய காதைத் தடவிக்கொண்டே சொன்னான்: "குவைத்துலேருந்து பக்கத்துத் தோட்டத்து அன்னலட்சுமி வந்திருக்குங்க. புஷ்பம் இருக்கிற வூட்டுக்காரவுங்க வேற நாட்டுக்குப் போறாங்களாம். இதையும் கூட்டிக்கிட்டுப் போறாங்களாம். வர்ற கடைசி வெள்ளிக்கிழம ஒருக்கா எடுக்குமாம். அதுக்கப்புறம் எப்பன்னு தெரியாதாம்."

"பிள்ளை நல்லாயிருக்காளாமா?"

"அதத்தானுங்க கேட்டேன். புஷ்பத்தோட போன்லதான் பேசுனேன், நல்லாயிருக்கேன்னுதான் சொல்லுச்சு, அங்க வேல செய்யுற நாங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்னு அன்னலட்சுமி சொல்லுச்சுங்க."

அந்த வாரம் மயில்வாகனம் எல்லோருடைய காதையும் தரக்காதோடு ஒப்பிட்டு அளந்தார். முடிவு அவரை உலுக்கிவிட்டது. காதுகள் நசுங்கியிருந்தன; ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக. இருளப்பனுடையது உளுந்து வடை. இரும்புக்கடைக்காரருடையது மூடின சிப்பி. டீச்சருடையது அப்படியே இருந்தது. அவரோடு முட்டிய ஏழு பேருடைய காதுகள்தான் போயிருந்தன.

"சேர், இது முந்தினதை விட மோசம்," என்றார் தலைவரிடம். "முந்தி எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே பிழை. இப்ப ஆளுக்கொரு பிழை."

"முறைப்பாடுகள்?"

"முறைப்பாடு ஒண்டும் வரேல்லை. போன் எடுத்து முறைப்பாடு சொல்ல ஒருத்தருக்கும் காது கேக்கிறேல்லை."

"அப்படியென்றால் திட்டம் வெற்றி," என்றார் தலைவர். "பிரதி அமைச்சரை அழைத்துத் திறப்புவிழா வைப்போம். இருப்பதிலேயே இரைச்சலான இடம் எது?"

இருளப்பனின் தொழிற்சாலை தெரிவாயிற்று. மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. இருளப்பன் ரிசீவரைப் பயன்படுத்திக்காட்டும் முன்மாதிரிப் பாவனையாளன் என்று அறிவிக்கப்பட்டான். காரணம், வடையாகிவிட்ட காதுகளில் பூக்கோவாவுக்குக் கொஞ்சமாவது கிட்ட வந்தது அவனுடையதுதான்.

கண்ணாடிப் பெட்டியிலிருந்த சுண்ணக் காதை மடியில் வைத்துக்கொண்டு நான் லொறியில் போனேன். காதைக் காவல் காப்பதும் வாசலைக் காவல் காப்பதும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார்கள். பேராதனை, கம்பளை, அங்கிருந்து வளைவு வளைவாக மேலே. தொழிற்சாலை வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. உள்ளே எல்லா ரோலரும் முழு வேகத்தில். தரை நடுங்கியது. பழைய ரிசீவரைக் கழற்றி, தேசிய ரிசீவரைப் பூட்டி, அதற்கு மாலை போட்டிருந்தார்கள். பாலம்மா நல்ல சேலை உடுத்திக்கொண்டு, டெலிபோன் பெட்டியின் மேலிருந்த தூசையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். எல்லோரும் பேசினார்கள். ஒரு சொல்லும் யாருக்கும் கேட்கவில்லை. வாய் மூடும்போதெல்லாம் கைதட்டினோம். பிறகு பிரதி அமைச்சர் சிரித்துக்கொண்டே ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார்.

பிரதி அமைச்சரின் காது மென்மையான காது. நல்ல எண்ணெய் தேய்த்து வளர்ந்தது. ஊளை கிளம்பிற்று. அவர் பின்னால் எறியப்பட்டு ரோலர் மேசையில் விழுந்தார். அவருடைய சால்வை ரோலரில் சிக்கிற்று. கொழுந்து எப்படி முறுகுமோ அப்படி அவர் முறுகினார். மூன்றாம் சுற்றில் சால்வை கிழிந்து, மாலையோடும் பச்சைக் கொழுந்தோடும் யாகப்பரின் காலடியில் வந்து விழுந்தார்.

யாகப்பர் தலைவரின் முகத்தைப் பார்த்தார். யாருக்குக் காது பொருந்தவில்லையோ அவரை அந்த இடத்திலேயே சீராக்க வேண்டும் என்பது விதி. அமைச்சர்களுக்கு விலக்கு உண்டென்று வர்த்தமானியில் இல்லை. தலைவர் சற்று யோசித்தார். அவர் வாய் அசைந்தது. மிக அருகில் நின்றதால் எனக்கு மட்டும் கேட்டது.

"சட்டத்தின் முன் எல்லாக் காதும் சமம்."

யாகப்பர் விசிலை ஊதினார். அது கேட்கவில்லை, ஆனால் பழகிப்போனவர்களுக்குக் கன்னம் உப்புவதே போதும். சபை ஊழியர் எட்டுப்பேர் குனிந்து பிரதி அமைச்சரின் தலையைக் கோத்தார்கள். மெய்க்காவலர்கள் எட்டுப்பேர் எதிர்ப்பக்கம் பாய்ந்தார்கள். அவர்கள் அறியாமலே அது முறைப்படியான ஸ்க்ரம் ஆயிற்று. அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல என்னால் முடியாது. தேயிலைப் பெட்டிப் பலகைகளை ஆளுக்கொன்றாக உருவினார்கள். ஒரு மெய்க்காவலர் குத்துவிளக்கைத் தூக்கி, ஐந்து முகமும் பதியும்படி தகரமடிக்கிறவன் ஒருவனின் முதுகில் போட்டார். தகரமடிக்கிறவர்கள் சுத்தியலோடு வந்திருந்தார்கள். அவர்களுக்கு வேறு தொழில் தெரியாது, கண்ணில் பட்டதையெல்லாம் அடித்தார்கள். டீமேக்கர் சமாதானம் பேச வந்தார். அவர் தலையில்தான் சுண்ணக் காது உடைந்தது. அதை அங்கே கொண்டுபோனது யார் என்று விசாரணையில் கேட்டார்கள். காது தானாக நழுவியது என்று சொன்னேன். மயில்வாகனம் ஒரு கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கூடையோடு சேர்த்து அவரை மிதித்தார்கள்.

இந்தக் களேபரத்தில் பாலம்மா மட்டும் அசையவில்லை. பெட்டியின் மேலிருந்த தூசு துள்ளத் தொடங்கியது. அவள் கையை நீட்டினாள்.

இருளப்பன் கால்களுக்கு நடுவே தவழ்ந்தான். ஒரு சப்பாத்துக் கால் அவன் விரல்களை நசுக்கிற்று. ஒரு பலகை முதுகில் விழுந்தது. ரிசீவரைப் பிடித்துவிட்டான். மறுபுறத்திலிருந்து தலைவர் அதைப் பற்றினார்.

"அங்கீகரிக்கப்படாத காது தொடக்கூடாது."

"ஐயா, எம் மகளுங்க."

"முதலில் சீராகு."

இருளப்பன் விடவில்லை. தலைவர் ரிசீவரைப் பிடுங்கி அவன் மண்டையில் அடித்தார். மறுபடியும் அடித்தார். மறுபடியும். வர்த்தமானியில் வந்த ரிசீவரின் காதுப்பக்கம், விளிம்பைச் சுற்றி, மண்டையோட்டின் கணக்குக்கு ஏற்ப விரிசல் விட்டது. விரிசல்களில் இரத்தம் வழிந்தது. நான்காவது அடிக்குத் தலைவர் கையை ஓங்கியபோது ஒரு மெய்க்காவலர் அவருடைய இடது காதின்மேல் பலகையை இறக்கினார். தலைவர் உட்கார்ந்துவிட்டார். இருளப்பன் ரிசீவரைத் தன் வடைக் காதில் வைத்துக்கொண்டு, ஊளைக்காகக் கண்ணை இறுக மூடினான்.

ஊளை வரவில்லை. ரோலர் அடங்கிற்று. கண்ணைத் திறந்தான். ரோலர்கள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. அவனுக்கு முன்னால் பலகை உயர்ந்தது, இறங்கியது, ஒருவன் வாய் பிளந்து விழுந்தான், எதற்கும் சத்தமில்லை. பிரதி அமைச்சரைக் காலைப் பிடித்துச் சுழற்றினார்கள், சத்தமில்லை. மழை பெய்து ஓய்ந்த காலையில் கொழுந்து மலை இருக்குமே, அப்படி இருந்தது அவனுக்கு.

"புஷ்பம்... புஷ்பம்... கேக்குதா தாயி?" என்று வழக்கம்போலக் கத்தினான்.

"அப்பா, ஏன் கத்துறீங்க. கேக்குது. மெதுவா பேசுங்க."

அந்த டெலிபோனில் மெதுவாகப் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. குரலை இறக்கிப் பார்த்தான்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். அங்க ஏம்பா இவ்வளவு அமைதியா இருக்கு? தொழிற்சாலைய மூடிட்டாங்களா?"

ஒரு குத்துவிளக்கு அவன் தலைக்கு மேலே பறந்துபோயிற்று.

"இல்ல தாயி. ஓடுது."

"அம்மா?"

"பக்கத்துலதான் நிக்கிறா. தாயி, அன்னைக்கு எடுத்தியே, அப்ப நீ அழுதியா, சிரிச்சியா?"

மறுமுனையில் மூச்சுக் கேட்டது. மூச்சே கேட்டதாம்.

"அழுதேம்பா. நீங்க ஆங், ஆங்குன்னு கத்துனீங்க. அதக் கேட்டு சிரிப்பு வந்துருச்சு."

"எதுக்கு அழுத?"

"வீட்டுக்கு வரணும் போல இருந்துச்சு."

"வந்துரு."

"சரிப்பா."

இருளப்பன் ரிசீவரைப் பாலம்மாவிடம் கொடுத்தான். பாலம்மாவின் காது சின்னது, தோடு போட்டது, எந்தப் பின்வளவுக்கும் போகாதது. அவளுக்கும் கேட்டது. அவள் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு டீமேக்கர் தவழ்ந்து வந்து வாங்கி வைத்துப் பார்த்தார். அவருக்கும் அடங்கிற்று. யாகப்பர் வைத்தார், அடங்கிற்று. பிரதி அமைச்சர், தாடையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு வைத்தார், அவருக்கும் அடங்கிற்று. வைத்துப் பார்த்தவர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு வரிசையில் நின்றார்கள்.

மயில்வாகனம் கூடையிலிருந்து வெளியே வந்து விரிசலைத் தடவிப் பார்த்தார்.

"ஓம், இப்பதான் விளங்குது," என்றார். ஒரு கண் மூடியிருந்தது. "ரிசீவரிலயே பெரிய ஓட்டை இருந்தால், காதுப்பக்கம் இருக்கிற சின்ன இடுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆருடைய காதெண்டாலும் ஒண்டுதான். நாங்கள் அடைக்கப் பார்த்தம். திறந்து விட்டிருக்க வேணும்."

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் எழுந்து, சட்டையைச் சரிசெய்து, ரிசீவரை வாங்கித் தன் வலது காதில் வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார்.

"எனக்குக் கேட்பது போலவே எல்லோருக்கும் கேட்கிறது," என்றார். "பழுது பாரதூரமானது."

விசாரணைக் குழு அமைந்தது. அரச உடைமையைத் தன் தலையால் தாக்கிச் சேதப்படுத்திய குற்றத்துக்காக இருளப்பனைத் தொழிற்சாலை வாசற்படி ஏறக்கூடாதென்று தடுத்தார்கள். விரிசல்களைச் சிவப்பு அரக்கால் அடைத்து, ஒவ்வொன்றின் மேலும் அரச முத்திரை குத்தினார்கள். ரிசீவர் பழையபடி ஒரு காதுக்கு மட்டும் வேலை செய்தது. மயில்வாகனத்துக்குப் பதவி உயர்வு. விளங்கியதை வெளியில் சொல்லமாட்டேன் என்று கையெழுத்திட்டார். இடது காதும் நசுங்கிவிட்டதால் தலைவருக்கு இரண்டாவது ரிசீவர் செய்யும் திட்டத்துக்கு நிதி ஒதுக்கப்பட்டது.

இதைக் கம்பளை பஸ் நிலையத்தில் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அதிகமாகச் சொல்லச் சொல்லிக் கேட்பவன் இருளப்பன்தான். மகள் பேசுகிற இடம் வந்ததும், "அத இன்னொருக்கா சொல்லுங்க" என்பான். வந்துரு என்று அவன் சொன்னதும் அவள் சரிப்பா என்றதும் எப்படியென்று மெதுவாகச் சொல்லிக்காட்டுவேன். பாலம்மாவும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருப்பாள். ஒரு சொல் பொய்யென்று இதுவரை யாரும் காட்டவில்லை. என் காதுகள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

அந்தத் தொழிற்சாலைச் சுவரிலிருந்த டெலிபோனுக்கு முதன்முதலாக இணைப்பு கிடைத்தது, தொழிற்சாலையை மூடிய மறு வருடம்.